வேலு மாமாவும் ஏழாம் பிரிவும்

1

செப்டெம்பர் பிறந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதிபர், ஆசிரியர்கள், சமையற்கட்டுக்காரர்கள், மைதானத்தில் புல் வெட்டுகிறவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. பத்திரத்தின் பெயரே ஒரு வரிக்கு ஓடும்: ‘பணியாளர்கள் தொழில்நுட்பத்தையும் வலையமைப்பையும் ஏற்கத்தக்க முறையில் பயன்படுத்துவதற்கான கொள்கை.’ போன வருஷம் அதில் ஆறு பிரிவுகள் இருந்தன. இந்த வருஷம் ஏழு. அந்த ஏழாவது என்னால் வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால் என் தாய்மாமா வேலுவால் வந்தது.

மாமா கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். இலங்கையைத் தாண்டியவர் இல்லை. ஆங்கிலமும் தெரியாது. ஆனாலும் வட இங்கிலாந்தில், மழையும் செம்மறியாடும் நிறைந்த ஒரு சின்ன ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டத்தில் அவருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பெயரைத்தான் போடவில்லை. அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ‘பாடசாலையைச் சேராத மரணங்களை மொத்த முகவரிப் பட்டியல் வழியாக அறிவிக்கக் கூடாது.’

பாடசாலையைச் சேர்ந்த மரணம் எது, சேராத மரணம் எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் எட்டாம் பிரிவு வந்துவிடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இதை ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். மாமாவின் சாவுக்குச் சீமையிலிருந்து துரை வந்தார் என்று அங்கே ஒரு கதை ஓடுவதாகத் தம்பி சிவா சொல்கிறான். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

நான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த சரோஜா டீச்சர். இங்கே விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். அதாவது மற்றவர்கள் படிப்பிக்க நான் குடுவை கழுவுகிறேன். அதைப் பற்றி இப்போது புலம்பப் போவதில்லை. வேறொரு நாள் ஆற அமரப் புலம்பலாம்.

அங்கே நம் பாடசாலையிலும் வலையமைப்பு இருந்தது. கணினி ஒன்று, பூ வேலை செய்த துணி போர்த்தி, பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி அதிபரிடம். இணையம் அதிபரின் கைபேசியில். வலயக் கல்விப் பணிமனைக்கு மாணவர் விவரம் ஏற்ற வேண்டிய நாட்களில் அவர் தன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவைப்பார். பகலுணவு சமைக்க வரும் தாய்மார் வரைக்கும் அது தெரியும். பிரச்சினை என்னவென்றால் மனிதர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். அவர் மைதானத்துக்குப் போனால் இணையமும் மைதானத்துக்குப் போகும். நாங்கள் மடிகணினியை ஆரத்தித் தட்டுப் போல ஏந்திக்கொண்டு பின்னால் ஓடுவோம். கழிப்பறைக்குப் போனால் வெளியே வரிசையாக நின்று, “சேர், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளுக்கே இருங்க சேர், முக்காவாசி ஏறிருச்சு” என்று கத்துவோம். அவரும் இருப்பார். நல்ல மனிதர்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. பணிமனைச் சுற்றறிக்கை, தலவாக்கலை பஸ் நடுவழியில் நின்ற செய்தி, லீக்ஸ் விலை, கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அதில்தான். இது வேலைச் செய்தி, இது வீட்டுச் செய்தி என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. தோட்டத்தில் வேலையையும் வீட்டையும் எங்கே பிரிப்பது? குடியிருக்கிற வரிசை வீடான லயமே தோட்டத்துக்குச் சொந்தம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதுதான் யார் வீட்டில் சாவு என்று சொல்வார்கள். சொன்னதும் பாதிப் பேர் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டுச் சாவு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இங்கே கொள்கையின் மூன்றாம் பிரிவு, வேலை வேறு வீடு வேறு என்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைப் படித்துக் காட்டியவர் கீத். எங்கள் வலையமைப்பு மேலாளர். உயரமான மனிதர், வெயிலோ மழையோ கழுத்தில் டை இருக்கும். அவர் ஒரு வகுப்பறை வாசலில் வந்து நின்றால் ஆசிரியர்களின் முகம் வெளிறிவிடும். ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிழை இல்லாத இடத்துக்கு அவர் போவதில்லை.

அப்படி வாசலில் வந்து நின்று முகங்களை வெளிற வைக்கிற இன்னொரு மனிதரையும் எனக்குத் தெரியும்.

3

சாவுச் செய்தி சொல்லப் போவதை எங்கள் பக்கம் கேதம் சொல்லுதல் என்போம். எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் கேதம் சொல்லப் போனவர் வேலு மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து, கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பிவிடுவார். வட்டகொடைக்குத் தண்டவாளத்தோடு நடை. நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ். கைபேசி வந்தபோது ஆசையாக ஒன்று வாங்கினார். எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தார். ஆனால் போனில் சொன்ன வீட்டுக்கும் நேரில் போவார். “போன்ல சொன்னா சேதிதான் போகும், ஆளு போகாதுல்ல” என்பார்.

அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வாசற்படி தாண்டமாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கமாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லமாட்டார். சாவுக் காரியத்தில் மட்டும் அந்த வார்த்தை ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதோடு ஒருவரையும் விடமாட்டார். அவருக்குப் பாதி ஊரோடு சண்டை. சண்டைக்காரன் வீட்டு வாசலிலும் போய் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டு வருவார். ஒரு தடவை, அவர் காய்ச்சலில் கிடந்தபோது, வேறு யாரோ கேதம் சொல்லப் போய் நோட்டன் பிரிட்ஜ் சித்தப்பா வீட்டை விட்டுவிட்டார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்தார். வந்து, பந்தியில் உட்காராமல், எல்லோரும் பார்க்கிற இடமாகப் பார்த்துப் பட்டினி கிடந்துவிட்டுப் போனார்.

இதனால் மாமாவுக்கு ஒரு தொல்லை. அவர் தலையைக் கண்டாலே பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். என் மகள் ஷாலினி பிறந்து பார்க்க வந்தபோது என் மாமியார் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு, யார் என்ன என்று கேட்காமலே ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டார். அதனால் வேறு காரியமாகப் போகும்போது மாமா பாதை வளைவிலிருந்தே கையை ஆட்டிக் கத்திக்கொண்டு வருவார்: “நல்ல சேதி! நல்ல சேதி!” கத்தாமல் வந்தால் யாரோ போய்விட்டார்கள்.

4

போன குளிர்காலத்தில், விடிகிற நேரம், மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். சிவா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டான்.

“அக்கா, வேலு மாமா தவறிட்டாருக்கா.”

“எந்த வேலு மாமா?” என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு வேலு மாமாதான்.

“தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. நாளைக்கி மூணு மணிக்கி எடுக்கிறோம். இங்க நாங்க ஓடுறோம், அங்க இருக்கிற ஆளுகளுக்கு நீங்கதான் சொல்லணும். ஒருத்தரையும் விட்றாதீங்க. மாமா கேதத்துக்கே ஆளு விட்டுப்போச்சுன்னா ஊரு சிரிக்கும்.”

கொட்டகலை பஜாரில் நானாவின் அச்சுக்கடையில் அடித்த மரண அறிவித்தலையும் அனுப்பியிருந்தான். மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ வெட்டியிருக்கிறார்கள். தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

லண்டன் ஆட்களுக்கும் டொரண்டோ ஆட்களுக்கும் அடுப்படியில் நின்றபடியே சொல்லி முடித்தேன். பிறகு பள்ளிக்கூடம் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தபோதுதான் நினைத்தேன்: இவர்களுக்கு யார் சொல்வது? தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர்கள். என் வீட்டுச் சாவை நாளைக்கு வேறு வாயால் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? நோட்டன் பிரிட்ஜ் சித்தப்பா பட்டினி கிடந்த முகம் கண் முன்னால் வந்தது.

நச்சுவாயு அலுமாரி பரிசோதனை பற்றி அறிவிக்க எனக்கு மொத்த முகவரிப் பட்டியலைத் திறந்துவிட்டிருந்தார்கள். எனக்கு அதுதான் பெரட்டுக் களம். அறிவித்தலை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். வேலுவின் அன்புச் சகோதரிகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஒருவரையும் விடவில்லை. ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் தயவுகூர்ந்து ஏற்றுக்கொள்ளவும்’ என்ற முடிவையும் விடவில்லை. படத்தை இணைத்து அனுப்பினேன். மனசு கொஞ்சம் ஆறியது.

5

மொத்தம் என்றால் மொத்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தப் பட்டியலில் அச்சு இயந்திரங்களுக்கும் முகவரி இருந்தது. மாடி மாடியாக, வராந்தா வராந்தாவாக, மாமா வண்ணத்தில் வெளியே வந்து விழத் தொடங்கினார். நடைபாதைத் திரைகளுக்கும் முகவரி இருந்தது. இன்றைய மதிய உணவு மீனும் உருளைக்கிழங்கும், அடுத்து கறுப்புக் கண்ணாடியோடு வேலு மாமா, அடுத்து நெட்போல் அணிக்கு வாழ்த்துகள், மறுபடியும் மாமா. ஓய்வுபெற்றுப் போன ஆசிரியர்களுக்கும் போயிருந்தது. அவர்களில் ஒருவர், வேலுவோடு வேலை செய்த நாட்கள் மறக்க முடியாதவை, அருமையான சக ஊழியர் என்று கண்ணீரோடு பதில் எழுதியிருந்தார். உடற்பயிற்சி மண்டபத்தில் செய்தியைப் பாதி படித்த ஒருவர் ஒரு நிமிட மௌனம் கடைப்பிடித்துவிட்டார்.

இதற்கு மேல், அறிவித்தலில் நாளும் நேரமும் இடமும் இருந்ததால், இயந்திரம் அதை ஒரு கூட்டம் என்று எடுத்துக்கொண்டு எல்லோருடைய நாட்காட்டியிலும் போட்டுவிட்டது. ‘வேலு, தகனக் கிரியை, கொட்டகலை. ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, ஒருவேளையா?’ மாமாவின் சாவைப் பதினோரு மணிக்குள் நிறையப் பேர் மறுத்துவிட்டார்கள். அதிபர் ‘ஒருவேளை’ போட்டிருந்தார். வரும் எல்லாவற்றையும் படிக்காமலே ஏற்றுக்கொள்ளும் ஓவிய ஆசிரியை இதையும் ஏற்றுக்கொண்டார்.

இடைவேளையில் ஷாலினி ஆய்வுகூடத்துக்கு ஓடி வந்தாள். பத்தாம் வகுப்பு, அதே பள்ளிக்கூடம். முகம் சிவந்திருந்தது.

“அம்மா, என்ன செஞ்சிருக்கீங்க? கென்டீன் ஸ்க்ரீன் முழுக்க வேலு தாத்தா. யாருன்னு எல்லாரும் கேக்குறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

அவள் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள். “ஸ்பேம்னு சொல்லிட்டேன்.”

நான் குடுவை கழுவத் திரும்பினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அவளைத் தொட்டிலில் பார்க்க மழையில் நடந்து வந்த நாளிலிருந்துதான் அந்த மனிதர் ‘நல்ல சேதி’ என்று கத்தத் தொடங்கினார். அது அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னதில்லை.

6

மத்தியானம் என் அடையாள அட்டை கதவுகளைத் திறக்க மறுத்தது. சாப்பாட்டு வரிசையில் இயந்திரம் என்னைத் தெரியாது என்றது. ஆய்வுகூட வாசலில் கீத் வந்து நின்றார்.

“பயப்பட வேண்டாம்,” என்றார். “உங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். உங்களைப் போல நடித்து, இறந்துபோன மாமா என்று ஒரு கதை கட்டி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.”

“அது நான்தான்.”

“மோசடிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்,” என்றார், ஆறுதலாக.

பிறகு விளக்கினார். தூரதேசம், திடீர் மரணம், ஒரு மாமா, ‘தயவுகூர்ந்து’ என்ற சொல், சந்தேகமான புகைப்படம். இத்தனையும் ஒரே கடிதத்தில் இருந்தால் மோசடி என்று இயந்திரம் தானாகவே பூட்டிவிடுமாம். திறக்க வேண்டுமானால் நான் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று முடிக்க வேண்டும். பயிற்சிக்குள் போக என் கணக்கு வேண்டும். கணக்கு பூட்டியிருக்கிறது. சாவுக்கு விடுப்புக் கேட்கவும் கணக்கு வேண்டும்; அந்தப் படிவத்தின் உறவுப் பட்டியலிலும் தாய்மாமா இல்லை. உப அதிபர் நாளை காலை ஒன்பதரைக்கு என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறாராம். அழைப்பு பூட்டிய கணக்குக்குள் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு விசாரணை பெரிதாகப் படவில்லை, ஒன்பதரைதான் இடித்தது. ஊரில் மூன்று மணி என்றால் இங்கே ஒன்பதரை. நான் தகுதிகாண் காலத்தில் இருக்கிறவள். விசாரணைக்குப் போகாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. போனால் மாமாவின் முகத்தை வீடியோவில்கூடக் கடைசியாகப் பார்க்க முடியாது. இந்தக் கல்லுக் கட்டடத்துக்குள் கைபேசிக்கு அலையும் கிடைக்காது. பள்ளிக்கூட வலையமைப்பு ஒன்றுதான் வழி. அதைத் தொட எனக்கு உரிமை இல்லை.

கீத் இரக்கப்பட்டுத் தன் அறைக்குக் கூட்டிப்போய், தன் கணினியில் அந்தப் பயிற்சியைத் திறந்து தந்தார். மடமடவென்று முடித்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கேள்வியில் நான்கு மின்னஞ்சல்கள். எவை மோசடி என்று காட்ட வேண்டும். ஒன்றில் எனக்கு லொத்தரில் பரிசு விழுந்திருந்தது. ஒன்றில் வங்கி என் கடவுச்சொல்லைக் கேட்டது. ஒன்றில் வராத பார்சல். நான்காவதில் வேலு மாமா கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் இயந்திரம் பிடித்ததை அந்தப் பயிற்சி நிறுவனம் மத்தியானத்துக்குள் உதாரணமாகச் சேர்த்துவிட்டது.

முதல் மூன்றையும் தொட்டேன். ‘தவறு. மீண்டும் முயலுங்கள்’ என்றது.

மீண்டும் மூன்றைத் தொட்டேன். மீண்டும் தவறு.

“நான்காவதையும் அமுக்குங்கள்,” என்றார் கீத். “கேள்விதானே. அமுக்கினால் எல்லாம் திறந்துவிடும்.”

விரலை வைத்தேன். எடுத்தேன். “என் மாமா செத்தது பொய் என்று நானே எப்படி அமுக்குவேன்?” என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஆங்கிலத்தில் அழுவது எனக்கு இன்னும் பழக்கமில்லை.

கீத் தன் டையைச் சரிசெய்தார். மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஒழுங்குக்காரர். “பதிவேட்டில் இது மோசடி என்று இருக்கிறது,” என்றார். “இல்லை என்று நான் மாற்ற வேண்டுமானால், அந்த மனிதர் உண்மையிலேயே இறந்ததற்கு எனக்குச் சான்று வேண்டும்.”

“நாளைக்கு ஒன்பதரைக்கு எடுக்கிறார்கள். வந்து பாருங்கள்.”

இப்படித்தான் கீத்துக்கு நான் நேரில் கேதம் சொன்னேன்.

7

மறுநாள் காலை உப அதிபர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பயிற்சி முடியாமல் விசாரணை நடத்த முடியாது, பயிற்சி முடியவில்லை, ஆகவே விசாரணை இல்லை. விசாரணைக்கென்று ஒதுக்கிய அறை மட்டும் சும்மா இருந்தது. சுவர் முழுக்கத் திரை. கீத் விருந்தினர் வலையமைப்பைத் திறந்துவிட்டார். தனிப்பட்ட அழைப்பு நடக்கும்போது வலையமைப்புப் பிரிவு ஆள் ஒருவர் முழு நேரமும் கூடவே நிற்க வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறதாம். நின்றார். டை, குறிப்புப் புத்தகம், பேனை.

சிவாவின் போனில் லயத்து வாசல் வந்தது. நீலத் தார்ப்பாய்ப் பந்தல், தூறல், தப்பு மேளச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரைக்குக் கிட்டப் போய் நின்றேன்.

“அக்கா, தெரியுதா? மொகம் தெரியுதா?”

“கிட்டக் கொண்டு போடா.”

“போறேன். அக்கா, பின்னுக்கு நிக்கிறது யாருக்கா?”

“அவருதான் கீத். இங்க நெட்வர்க் எல்லாம் அவரு கையிலதான். அவரு விட்டாத்தான் நான் ஒங்களப் பாக்க முடியும்.”

என் சித்தியின் தலை திரைக்குள் நுழைந்தது. “டை கட்டியிருக்காரு. நோட்டுப் பொஸ்தகம் வச்சிருக்காரு. அவரு கையிலதான் எல்லாம்னா, அப்ப தொரைதானே!”

அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. “சரோஜாவோட தொரை வந்திருக்காரு, வழிய விடுங்க!” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விலகியது. தப்பு நின்றது. எங்கள் லயத்துச் சாவுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரை வந்து நான் பார்த்ததில்லை. இந்தத் துரை சீமையிலிருந்தே வந்திருந்தார்.

“அக்கா, தொரைய நிக்க வச்சிருக்கீங்களே. உக்காரச் சொல்லுங்க.” சொல்லிக்கொண்டே யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மாமாவின் தலைமாட்டில் போட்டு, சால்வை விரித்து, போனை அதில் உட்கார வைத்தார்கள். எங்கள் திரையில் மாமாவின் முகம் சுவர் முழுக்க வந்தது. கறுப்புக் கண்ணாடி இல்லாத முகம். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. நான் வாய்விட்டு அழுதேன்.

“ஏன் நம்மை நாற்காலியில் வைத்தார்கள்?” என்று கீத் மெதுவாகக் கேட்டார்.

“உங்களை உட்காரச் சொல்கிறார்கள்.”

நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று பிரிவில் இருக்கிறதா என்று அவர் யோசித்தது தெரிந்தது. பிறகு உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக வந்து போனைக் கும்பிட்டார்கள். கீத்தும் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டார். தலைப்பாகை கட்டிய ஒருவர் கும்பிட்டுவிட்டு நகராமல் குனிந்தார். “தொரை, நாலாம் லயத்துல கூரை ஒழுகுதுங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, யாரும் கேக்கல. தொரைதான் பாக்கணும்.” கீத் என்ன என்று கேட்டார். சொன்னேன். நான்காம் லயம், கூரை, ஒழுக்கு என்று எழுதிக்கொண்டார். எப்போதிருந்து என்று கேட்கச் சொன்னார். “தொரை பிறக்கிறதுக்கு முந்தி இருந்து” என்றார் அவர். அதையும் எழுதிக்கொண்டார்.

இவர் துரை இல்லை என்று நான் திருத்தியிருக்கலாம். மனம் வரவில்லை. ஊரெல்லாம் நடந்து ஆள் சேர்த்த மனிதருக்கு இந்த ஓர் ஆளாவது சேரட்டும் என்றிருந்தது.

எடுக்கும் நேரத்தில் கதவு திறந்தது. ஷாலினி. வகுப்பிலிருந்து என்ன சொல்லிவிட்டு வந்தாளோ தெரியாது. திரையைப் பார்த்தாள். கீத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெரிய முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். “கண்ணாடி இல்லாம வேற மாதிரி இருக்காரும்மா” என்றாள். அங்கிருந்து சித்தி, “எங்க ஷாலினியா? ஒன்னப் பாக்க மழையில வந்தவருடி!” என்று கதறினாள். என் மகளும் அழுதாள்.

பாடை வளைவில் மறைந்தது. கீத் கையை உயர்த்தி, விடைபெறும் வார்த்தையை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “சொல்லக் கூடாது. அப்படியே போய்விட வேண்டும்.” அவர் கேள்வி கேட்கவில்லை. பொத்தானை அமுக்கினார். சுவர் வெறுமையானது.

அன்று மாலை அவர் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதினார்: ‘உங்கள் நான்காவது உதாரணம் பிழை. இறுதிச் சடங்கில் நான் கலந்துகொண்டேன்.’ மறுவாரம் மாமாவை எடுத்துவிட்டு ஓர் அரபு இளவரசரைப் போட்டார்கள். நான் நான்கையும் தொட்டுத் தேறினேன். வேலை நிரந்தரமானது. கொள்கைக்கு ஏழாம் பிரிவு முளைத்தது. நான்காம் லயத்துக் கூரை மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழுதுப் பட்டியலில் இன்னும் கிடக்கிறது. திங்கள்தோறும் அதை நினைவூட்டி இயந்திரம் எல்லோருக்கும் எழுதுகிறது. சரியாகாததை மூடமாட்டேன் என்கிறார் கீத்.

8

மாமாவின் கதையை ஒருநாள் கீத்துக்கு முழுக்கச் சொன்னேன். அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. திரை பழுதுபார்க்க, கம்பி மாற்ற என்று வரும்போது வராந்தா முனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு கத்துவார்: “நள்ள சேடி! நள்ள சேடி!” பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆசிரியர்களுக்கும் இப்போது முகம் வெளிறுவதில்லை.

ஏழாம் பிரிவில் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் இருக்கும். ஆய்வுகூடத்தில் சுடரடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தேன். வாசலில் கீத் நின்றார். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது.

“என் அப்பா,” என்றார். “இன்று காலை.” வாசற்படிக்கு வெளியேதான் நின்றார். “யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்குச் சொல்ல வந்தேன்.”

உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவரும் அசைத்தார். திரும்பி, வராந்தாவில் நடந்து போனார். விடைபெறும் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்தேன். கணினி திறந்துதான் கிடந்தது; மொத்த முகவரிப் பட்டியலை அதில் இப்போது எனக்குக் காட்டுவதில்லை. ஏழாம் பிரிவு மின்னஞ்சலைத்தான் தடுக்கிறது, நடப்பதைத் தடுக்கவில்லை. ஆய்வுகூட மேலங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் ஷாலினி எதிரே வந்தாள்.

“எங்கம்மா போறீங்க?”

“கீத்தோட அப்பா தவறிட்டாரு. சொல்லப் போறேன்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். “அப்ப நீங்க கீழ போங்க. மேல் மாடிக்கு நான் போறேன்.”

“ஷாலினி,” என்றேன். “ஒருத்தரையும் விட்றாத.”